டெலவேர் மறக்காத பெயர்கள்

தலைக்கு மேலே ஆகாய விமானத்தின் சத்தம் கேட்கிறது. நாம் என்ன செய்கிறோம்? நாற்று நடுகிறவர் இடுப்பை நிமிர்த்திப் பார்க்கிறார். மாடு மேய்க்கிறவர் கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறார். குழந்தைகள் டாட்டா காட்டுகிறார்கள்.

அந்த விமானத்தை யார் ஓட்டுகிறார்? அதை யார் செய்தார்? நமக்குத் தெரியாது. விமானம் மறைந்ததும் நாம் நம் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம்.

அமெரிக்காவில் ஒரு சின்ன மாநிலம் இருக்கிறது. அதன் பெயர் டெலவேர். அந்த மாநிலத்து மக்கள் தங்கள் மண்ணில் விமானம் செய்தவர்களையும், ஓட்டியவர்களையும் தேடித் தேடிப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் வேலை பார்த்த சிலருடைய கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

சின்ன மாநிலம்

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் உள்ளன. அவற்றில் ரோட் தீவு மிகச் சிறியது. அதற்கு அடுத்த சிறிய மாநிலம் டெலவேர். அதில் மொத்தம் மூன்றே மாவட்டங்கள்தான். நம் நாட்டின் கோவா எவ்வளவு பெரியது? அதைப் போல் இரண்டு பங்குகூட டெலவேர் இல்லை. மக்கள்தொகை ஏறக்குறைய 10 லட்சம்.

இந்த மாநிலத்தின் வடக்குக் கோடியில் நியூ காசில் என்ற பழைய ஊர் இருக்கிறது. ஆற்றங்கரை ஊர். நிலம் சமமாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். விமானம் ஏறவும் இறங்கவும் அப்படிப்பட்ட நிலம்தான் வேண்டும்.

நியூ காசிலில் ஒரு பழைய விமானக் கொட்டகை இன்றும் நிற்கிறது. அதை இடிக்காமல் காப்பாற்றி, பொருட்காட்சி நிலையமாக வைத்திருக்கிறார்கள். மாநிலத்தின் விமானிகளுக்கென்று ஒரு புகழ்ப் பட்டியலும் உண்டு. தகுதி உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

அந்தக் கொட்டகை யாருடைய பெயரில் இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் பிறக்காத ஒருவருடைய பெயரில்.

பிழைக்க வந்த பெல்லாங்கா

அவர் பெயர் ஜுசெப்பே பெல்லாங்கா. 1886-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில், சிசிலித் தீவில் பிறந்தார். 1911-இல் பிழைப்புத் தேடி அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கு வந்தார்.

அங்கே தன் கையாலேயே ஒரு விமானம் செய்தார். அதில் தானே ஏறி, தானே ஓட்டிப் பழகினார். பிறகு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தினார். அவரிடம் லா கார்டியா என்ற இளைஞர் படிக்க வந்தார். பெல்லாங்காவுக்கு விமானம் ஓட்டத் தெரியும். கார் ஓட்டத் தெரியாது! லா கார்டியாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். நீ எனக்குக் கார் கற்றுக்கொடு, நான் உனக்கு விமானம் கற்றுத்தருகிறேன் என்று. அப்படியே கற்றார்கள். இந்த லா கார்டியா பின்னாளில் நியூயார்க் நகரத்தின் மேயர் ஆனார்.

பெல்லாங்காவின் விமானத்தில் ஒரு புதுமை இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரு முறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வீசும்போது முறத்தைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். காற்று முறத்தை மேலே தூக்கும். விமானத்தின் இறக்கை வேலை செய்வதும் இப்படித்தான். விமானம் வேகமாக ஓடும்போது காற்று எதிரே வருகிறது. சாய்ந்த இறக்கையை அது மேலே தள்ளுகிறது.

அந்தக் காலத்து விமானங்களில் இறக்கை ஒடியாமல் இருக்க, கீழிருந்து கம்பங்கள் முட்டுக் கொடுத்திருக்கும். பந்தலுக்கு முட்டுக் கொடுக்கிறோம் அல்லவா, அதைப் போல. இந்தக் கம்பங்கள் வெறும் சுமைதான். பெல்லாங்கா அந்தக் கம்பங்களையே அகலமாக, இறக்கை போன்ற வடிவத்தில் செய்தார். இப்போது முட்டும் ஆயிற்று, தூக்கவும் ஆயிற்று. அதனால் அவருடைய விமானம் அதிகப் பாரம் தூக்கியது. அதிக எண்ணெய் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போனது.

கை நழுவிய புகழ்

1927-ஆம் ஆண்டு. நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி, வழியில் எங்கும் இறங்காமல் பாரிஸ் போகிறவருக்கு 25,000 டாலர் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். பலர் போட்டி போட்டார்கள்.

லிண்ட்பர்க் என்ற இளம் விமானி பெல்லாங்காவின் ‘கொலம்பியா’ விமானத்தை விலைக்கு வாங்க வந்தார். பெல்லாங்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் பணம் போட்ட கூட்டாளி குறுக்கே நின்றார். விமானத்தைத் தருகிறோம், ஆனால் யார் ஓட்டுவது என்று நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றார். லிண்ட்பர்க் திரும்பிப் போய்விட்டார். வேறு இடத்தில் விமானம் செய்துகொண்டார். மே 20-ஆம் தேதி கிளம்பி மறுநாள் பாரிஸில் இறங்கினார். உலகமே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அந்த நேரத்தில் ‘கொலம்பியா’ எங்கே இருந்தது? கொட்டகையில்தான். யார் ஓட்டுவது என்ற தகராறு நீதிமன்றம் வரை போயிருந்தது. தயாராக இருந்த விமானம் வழக்கினால் நின்றுபோனது. பங்காளிச் சண்டையில் அறுவடை கெடுவதை நாமும் பார்த்திருக்கிறோம்.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 4-ஆம் தேதி, ‘கொலம்பியா’ கிளம்பியது. ஓட்டியவர் சேம்பர்லின். அந்தக் கூட்டாளியும் உடன் போனார். ஜெர்மனி நாடு வரை போய் இறங்கினார்கள். சுமார் 6,300 கிலோமீட்டர். லிண்ட்பர்க் போனதைவிட அதிகத் தூரம். ஆனாலும் என்ன? முதலில் போனவர் பெயரைத்தான் ஊர் சொல்லும்.

பெல்லாங்கா அந்தக் கூட்டாளியை விட்டுப் பிரிந்தார். டெலவேரில் டூபாண்ட் என்று ஒரு பணக்காரக் குடும்பம் இருந்தது. வெடிமருந்து வியாபாரத்தில் பெரிதானவர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கைகொடுத்தார். 1928-இல் நியூ காசிலில் பெல்லாங்காவின் தொழிற்சாலை எழுந்தது. ‘கொலம்பியா’வும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது. 1934-இல் கொட்டகையில் பிடித்த தீயில் அது எரிந்துபோனது.

சக்கரத்தைக் கழற்றிய விமானம்

நியூ காசிலில் செய்த விமானம் ஒன்றின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1931-ஆம் ஆண்டு. பசிபிக் கடலை நிற்காமல் யாரும் தாண்டியதில்லை. அட்லாண்டிக்கைவிட அது மிகப் பெரிய கடல். பேங்பார்ன், ஹெர்ண்டன் என்ற இருவர் பெல்லாங்கா விமானம் ஒன்றில் ஜப்பான் வந்து சேர்ந்தார்கள். வந்த இடத்தில் வம்பு. அனுமதி இல்லாமல் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள் என்று ஜப்பான் அரசு பிடித்து வைத்தது. அபராதம் கட்டிய பிறகுதான் விட்டது.

அக்டோபர் 4-ஆம் தேதி மிசாவா என்ற ஊரின் கடற்கரையிலிருந்து கிளம்பினார்கள். எண்ணெய்ப் பாரம் மிக அதிகம். பாரத்தைக் குறைக்க பேங்பார்ன் ஒரு யோசனை செய்திருந்தார். மேலே ஏறியதும் சக்கரங்களைக் கழற்றிக் கடலில் போட்டுவிடுவது! சக்கரம் இல்லாவிட்டால் பாரம் குறையும். காற்றுத் தடையும் குறையும். எண்ணெய் மிச்சமாகும்.

சக்கரங்கள் விழுந்தன. ஆனால் இரண்டு கம்பிகள் விழாமல் தொங்கின. அவை தொங்கினால் இறங்கும்போது ஆபத்து. பேங்பார்ன் என்ன செய்தார்? பறக்கிற விமானத்திலிருந்து வெளியே வந்தார். செருப்பில்லாக் கால். கீழே கடல். உறைய வைக்கும் குளிர். முட்டுக் கம்பத்தின் மேல் நின்றுகொண்டு கம்பியைக் கழற்றினார். மறுபக்கம் போய் இன்னொன்றையும் கழற்றினார்.

41 மணி நேரம் பறந்து, அமெரிக்காவில் வெனாட்சி என்ற ஊரில், வயிற்றால் தேய்த்தபடி விமானத்தை இறக்கினார்கள். தூசி பறந்தது. விமானம் சற்றே குடை சாய்ந்தது. இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

வெனாட்சி ஆப்பிள் விளையும் ஊர். அந்த ஊர்க்காரர்கள் நன்றியாகத் தங்கள் ஆப்பிள் மரத்திலிருந்து ஒட்டுக்குச்சிகளை மிசாவாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு ஊருக்கும் அப்படி ஓர் உறவு உண்டானது. விமானத்தைவிட இந்த ஒட்டுக்குச்சிகள்தான் எனக்குப் பிடித்த செய்தி.

தொழிற்சாலையிலிருந்து முகாமுக்கு

இனி வருவது பெண்களின் கதை.

1941 டிசம்பர் மாதம் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. தொழிற்சாலைகளில் இரவும் பகலும் விமானங்கள் செய்தார்கள். செய்த விமானத்தை ராணுவ முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும். லாரியில் ஏற்ற முடியாது. யாராவது ஓட்டித்தான் போக வேண்டும். ஆனால் ஆண் விமானிகள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லை.

இந்த வேலையைக் கவனித்த அதிகாரி ஒருவர் ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். அவர் அலுவலகத்தில் லவ் என்று ஓர் அதிகாரி வேலை பார்த்தார். அவருடைய மனைவி நான்சி லவ். நான்சி அம்மையாருக்கு அப்போது 28 வயது. அவருக்கு வேலை பக்கத்து நகரத்தில். தினமும் வேலைக்கு எப்படிப் போனார்? தானே விமானம் ஓட்டிக்கொண்டு போனார். 16 வயதிலேயே விமானம் ஓட்டக் கற்றவர் அவர். இது தெரிந்ததும் அந்த அதிகாரி வியந்துபோனார். இப்படி வேறு பெண்களும் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றார் நான்சி.

1942 செப்டம்பரில் நியூ காசில் விமானத் தளத்தில் பெண் விமானிகள் படை தொடங்கியது. நான்சி லவ் அதன் தலைவி. முதலில் சேர்ந்தவர்கள் மொத்தம் 28 பேர். சேருவதற்கு 500 மணி நேரம் விமானம் ஓட்டியிருக்க வேண்டும் என்று விதி. அநேகமாக எல்லோருமே அதற்கு மேல் ஓட்டியவர்கள்.

பெண் விமானம் ஓட்டுவதா என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். நம் நாட்டிலும் 1936-இல் சரளா தக்ரால் என்ற பெண் லாகூரில் விமானம் ஓட்டி உரிமம் வாங்கினார். சேலை கட்டிக்கொண்டே ஓட்டினார்.

அந்த ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி முதல் பயணம். ஆறு பெண்கள் ஆறு சிறு விமானங்களை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். முன்னால் போனவர் பெட்டி கில்லீஸ். மிகவும் குள்ளமானவர். உயரம் ஐந்தடி ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். ‘தண்டர்போல்ட்’ என்ற பெரிய போர் விமானத்தில் அவருக்குக் கால் எட்டவில்லை. அவர் விட்டுவிடவில்லை. காலால் மிதிக்கும் கட்டைக்கு மேல் மரத்துண்டு வைத்துக்கொண்டார். 1943-இல் அந்த விமானத்தை ஓட்டிவிட்டார். அதை ஓட்டிய முதல் பெண் அவர்தான்.

எதிர்ப்பும் இருந்தது. பெண்களுக்குச் சிறு விமானங்கள் போதும் என்றார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் விமானம் ஓட்டக் கூடாது என்று ஓர் உத்தரவுகூட வந்தது. நான்சி லவ் மேலதிகாரிகளிடம் போய் வாதாடினார். தடைகள் ஒவ்வொன்றாக விலகின. அவரே பெரிய பெரிய விமானங்களை ஓட்டிக் காட்டினார். வாயால் சொல்வதைவிட அது பலித்தது.

பட்டியலில் இல்லாத பெயர்

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் சாலை வேலைக்குப் போகிறீர்கள். வெயிலில் மண் சுமக்கிறீர்கள். ஆனால் மஸ்டர் ரோலில் உங்கள் பெயர் இல்லை. என்ன ஆகும்? கூலிக்கு உத்தரவாதம் இல்லை. அடிபட்டால் கேட்க நாதி இல்லை.

இந்தப் பெண்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் ராணுவ விமானத்தை ஓட்டினார்கள். ராணுவ முகாமில் தங்கினார்கள். ராணுவ உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்கள். ஆனால் ராணுவப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் வெறும் சிவில் ஊழியர்கள். மாதம் 250 டாலர் சம்பளம். அதே வேலை செய்த ஆண்களுக்கு அதைவிட அதிகம். சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் தங்கள் கைக்காசுதான்.

கொர்னீலியா ஃபோர்ட் என்ற பெண் அந்த 28 பேரில் ஒருவர். 1941-இல் ஹவாய்த் தீவில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் வேலையில் இருந்தார். டிசம்பர் 7-ஆம் தேதி காலை. ஒரு மாணவருடன் வானத்தில் பறந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு விமானம் வேகமாக வந்தது. சட்டென்று விலகி உயிர் தப்பினார். அது ஜப்பான் போர் விமானம். அமெரிக்கா போரில் இறங்கக் காரணமான குண்டுவீச்சு அன்றுதான் நடந்தது. அதை வானத்திலிருந்தே பார்த்தவர் அவர்.

பிறகு அவர் நியூ காசிலுக்கு வந்து படையில் சேர்ந்தார். 1943 மார்ச் 21-ஆம் தேதி டெக்சாஸ் மாநிலத்தில் சில விமானங்கள் சேர்ந்து பறந்தபோது, இன்னொரு விமானம் அவருடைய விமானத்தில் மோதியது. கொர்னீலியா இறந்துபோனார். வயது 24.

பெண் விமானிகளுக்கு வேறொரு பயிற்சித் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. 1943 ஆகஸ்டில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். மொத்தம் 38 பேர் இறந்தார்கள்.

ராணுவ வீரர் இறந்தால் சவப்பெட்டி மீது தேசியக் கொடி போர்த்துவார்கள். குடும்பத்துக்கு உதவி தருவார்கள். இந்தப் பெண்கள் இறந்தபோது அரசு கொடி தரவில்லை. உதவித்தொகையும் இல்லை. உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பக்கூட, கூட வேலை செய்த பெண்கள் தங்களுக்குள் காசு திரட்டிய நேரங்கள் உண்டு.

தெரசா ஜேம்ஸ் என்பவரும் முதல் 28 பேரில் ஒருவர். அவருடைய கணவரும் விமானி. 1944-இல் பிரான்ஸ் நாட்டில் நடந்த சண்டையில் கணவர் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், தொழிற்சாலை செய்து முடித்த பத்தாயிரமாவது ‘தண்டர்போல்ட்’ விமானத்தை ஓட்டிப்போகும் வேலை தெரசாவுக்கு வந்தது. அவர் ஓட்டிப்போனார்.

அந்த டிசம்பர் 20-ஆம் தேதி படையைக் கலைத்துவிட்டார்கள். ஆண் விமானிகள் திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போர் அப்போது முடிந்திருக்கவில்லை.

ஒரு பெட்டி

நான்சி லவ் 1945 தொடக்கத்தில் நம் நாட்டுப் பக்கம் வந்திருக்கிறார். அப்போது இந்தியாவிலிருந்து இமயமலைத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்கு ராணுவச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. மிக ஆபத்தான வழி. அந்த வழியில் அவரும் விமானம் ஓட்டினார். போருக்குப் பிறகு அவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. மூன்று பெண் குழந்தைகளை வளர்த்தார்.

ஆனால் தன்னோடு வேலை செய்த பெண்களின் பெயர் ராணுவப் பட்டியலில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. அவர் 1976 அக்டோபரில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, 1977 நவம்பரில்தான் சட்டம் வந்தது. அந்தப் பெண்களும் படைவீரர்களே என்று அரசு ஒப்புக்கொண்டது. படை கலைந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2010-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதை வாங்க வந்தவர்கள் எல்லோரும் பாட்டிகள். பலர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். அமெரிக்காவின் தேசிய விமானப் புகழ்ப் பட்டியலில் பெல்லாங்காவின் பெயர் 1993-இல் ஏறியது. அவர் இறந்து அப்போது 33 ஆண்டுகள். நான்சி லவ்வின் பெயர் 2005-இல் ஏறியது.

நான்சி அம்மையார் இறந்த பிறகு அவருடைய பொருள்களில் ஒரு பெட்டி கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு காகிதம். இறந்துபோன பெண் விமானிகளின் பெயர்களை அவர் தன் கையாலேயே வரிசையாக எழுதி வைத்திருந்தார். அவருக்குக் கீழே வேலை செய்து இறந்தவர்களின் புகைப்படங்களும் அந்தப் பெட்டியில் இருந்தன.

பேசுவோம், எழுதுவோம்

பேங்பார்னும் ஹெர்ண்டனும் 41 மணி நேரம் பறந்தார்கள். அது ஒரு நாளும் எத்தனை மணி நேரமும் ஆகும்? கணக்குப் போடுங்கள்.

வீட்டில் ஒரு முறமும் காற்றும் இருந்தால், இறக்கை எப்படித் தூக்குகிறது என்று செய்து பாருங்கள். எந்தப் பக்கம் சாய்த்தால் மேலே போகிறது? எந்தப் பக்கம் சாய்த்தால் கீழே அழுத்துகிறது?

உங்கள் ஊரில் ஏரி வெட்டியவர்கள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் யார் யார்? கல்லிலோ பதிவேட்டிலோ பெயர் இல்லாதவர்களாகப் பாருங்கள். பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் பெயரை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.